கமகம் தொலையும் இடம்

ஜூலை 26-ல் பனிமய மாதா கோவிலில் திருவிழாக் கொடி ஏறுவதற்குள் புது மாதா பாட்டு வெளிவந்துவிட வேண்டும். அதனால் ஜூன் மாதம் தூத்துக்குடியில் என்னைப்போல் மாடியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. கீபோர்டு வாசிக்கிற தம்பி மேக் கணினியில், லாஜிக் என்ற இசை மென்பொருளில் போட்டு அனுப்புவார். என்னிடம் விண்டோஸும் கியூபேஸ் மென்பொருளும். கடைசி மிக்ஸிங் சென்னையில், புரோ டூல்ஸ் என்ற மூன்றாவது மென்பொருளில்.

இவற்றுக்குள் பொருத்தும் கருவிகளும் எஃபெக்ட்களும்தான் பிளகின். லாஜிக்குக்கு ஏ.யு. வடிவப் பிளகின்தான் ஆகும். புரோ டூல்ஸுக்கு ஏ.ஏ.எக்ஸ்., கியூபேஸுக்கு வி.எஸ்.டி. எதிரொலி சேர்க்கும் ஒரே ரிவெர்ப் பிளகினை மூன்று பேரும் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், ஒருவர் வைத்த செட்டிங் இன்னொருவர் திரையில் தானாக வராது. நம்ம துறைமுகத்தில் இறங்குகிற கண்டெய்னரின் மூலைத் துளை எந்த நாட்டுக் கப்பலுக்கும் பொருந்தும். இங்கே அப்படி ஓர் ஏற்பாட்டை வர விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வி.எஸ்.டி.யை 1996-ல் கொண்டுவந்தது கியூபேஸைச் செய்யும் ஸ்டைன்பெர்க். ஆப்பிள் 2002-ல் லாஜிக்கை வாங்கியதும் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. 2013-ல் வந்த புரோ டூல்ஸ் 11, தன் பழைய வடிவமான ஆர்.டி.ஏ.எஸ். பிளகின்களை உள்ளேயே விடவில்லை. மென்பொருள் யாருடையதோ, சட்டமும் அவர்களுடையது.

ரிவெர்ப் போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். சுரத்தை அசைத்து வளைக்கிற கமகம் போனால்தான் கஷ்டம். மாதா பாட்டில் நாதஸ்வர இடையிசை வந்தால், சுரங்களை ஒலியாக இல்லாமல் குறிப்பாகச் சொல்லும் மிடியில், சுருதியை நகர்த்தும் பிட்ச் பெண்டை வளைத்து வளைத்துத்தான் கமகத்தை வரைவோம். அந்த வளைவுக்குள் 16,384 படிகள். ஆனால் முழுதாகத் தள்ளினால் சுரம் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கருவிதான் தீர்மானிக்கும். பெரும்பாலும் இரண்டு செமிடோன். பன்னிரண்டு வைத்து வரைந்ததை இரண்டு உள்ள கருவியில் ஓட்டினால், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் ஜாரு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கி முனகலாகிவிடும். தாளம் பிசகாது, சுரமும் இருக்கும், ராகத்தை மட்டும் காணோம்.

2008-ல் வந்த வி.எஸ்.டி.3-ல் இன்னொரு சிக்கல். மிடியின் பிட்ச் பெண்ட் அதில் நேராக நுழையாது. பிளகின் செய்தவர் அதற்கென்று வழி வைத்திருக்க வேண்டும். வைக்காதவர்களும் உண்டு. சாதாரண மிடியிலோ, ஒரு சேனலில் ஒரு சுரத்தை வளைத்தால் அங்கே ஒலிக்கிற எல்லாமே சேர்ந்து வளையும். தம்பூரா இருந்தால் அதுவும். 2022-ல் பிட்விக்கும் யு-ஹியும் கொண்டுவந்த கிளாப் என்ற பிளகின் வடிவத்தில் ஒவ்வொரு சுரத்தையும் தனியே அசைக்கலாம். நம் இசைக்கென்றே செய்தது போலிருக்கிறது. லாஜிக்கும் புரோ டூல்ஸும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அண்ணே, புராஜெக்ட் ஃபைல் வேண்டாம், வேவ் மட்டும் அனுப்புங்க” என்பார் சென்னையில் மிக்ஸ் செய்பவர். ரிவெர்ப் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என எல்லா டிராக்கையும் முதல் பாரிலிருந்தே வேவ் ஒலிக்கோப்பாகப் பவுன்ஸ் செய்து அனுப்புகிறேன். கீபோர்டு தம்பியிடமும் அப்படியே கேட்கிறேன். பிறகு சுரம் மாற்ற முடியாதே என்று அவருக்கு வருத்தம். அதனால் மிடி ஃபைலையும் கூடவே வாங்கிக்கொள்கிறேன். பெண்ட் எத்தனை செமிடோன் என்பதை ஃபைல் பெயரிலேயே எழுதித் தரச் சொல்லி.