கடலைப் பார்க்கலாம்... மேட்டில் தங்கலாம்!

குள்ளஞ்சாவடியிலிருந்து பிச்சாவரம் வரை, வண்டியோடு இரண்டு நாள்

சாவடி என்றால் வழிப்போக்கர்கள் இளைப்பாறித் தங்கும் இடம். அந்தச் சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் குள்ளஞ்சாவடி. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது. மேற்கே போனால் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி. கிழக்கே போனால் கடல். சுற்றிலும் செம்மண் மேடு, முந்திரிக் கொல்லை, வேலி ஓரத்தில் பலா.

அந்தக் காலத்தில் மாசி மகம் என்றால் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கூண்டு வண்டி கட்டுவார்கள். புளிசாதம், மாட்டுக்கு வைக்கோல், விரிக்கக் கோரைப்பாய் என எல்லாம் வண்டியிலேயே போகும். ராத்தங்கலுக்கு இடம் பார்ப்பது பெரியவர்கள் வேலை. ஈரத்தில் நின்றால் மாட்டுக்குக் குளம்பு ஊறும் என்பதால் மேட்டைத்தான் தேடுவார்கள். நிழலும் பக்கத்தில் நல்ல தண்ணீரும் இருந்தால்தான் வண்டியை அவிழ்ப்பார்கள்.

இன்று மாட்டுவண்டி போய், வேன் வந்துவிட்டது. படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் 'கேரவன்' வண்டிகளும் வந்துவிட்டன. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. வாகமன் மலையில் கேரவன் நிறுத்துவதற்காகவே பூங்கா அமைந்தது. தமிழ்நாட்டின் 2023-ம் ஆண்டு சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றிருக்கிறது. வண்டி எதுவானாலும், தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு மட்டும் மாறவில்லை.

ஆயா சொன்ன கணக்கு

குள்ளஞ்சாவடி பக்கத்து முந்திரி விவசாயி ஒருவரின் குடும்பம், பொங்கல் கழித்து வேன் எடுத்துக்கொண்டு கிளம்பியது. நெல் அறுத்தாகிவிட்டது, முந்திரி அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. விவசாயக் குடும்பத்துக்கு ஓய்வு கிடைப்பது இந்த இடைவெளியில்தான். பெரியவர்கள், பிள்ளைகள் என ஒன்பது பேர். அடுப்பு, பாத்திரம், தார்ப்பாய், இரண்டு கேன் குடிநீர் எல்லாம் கூடவே வந்தன. சொந்தமாகச் சரக்கு வண்டி இருந்தும் அதை எடுக்கவில்லை. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் இழப்பீடு வாங்குவதும் சிக்கல்.

முதல் நாள் மாலை சாமியார்பேட்டைக் கடற்கரை. அகலமான மணல், பின்னால் சவுக்குத் தோப்பு, நல்ல காற்று. "இங்கேயே மணல் ஓரமா வண்டிய போட்டுடலாம்" என்றார் டிரைவர். பிள்ளைகளுக்கும் அதுதான் ஆசை. வீட்டின் மூத்தவரான ஆயா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "கடல பாக்கத்தான் வந்தோம். கடல்கிட்ட படுக்க வரல" என்றார்.

அந்தப் பேச்சில் பழைய நினைவு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை போன்ற கரையோர ஊர்கள் பல உயிர்களை இழந்தன. 2011 டிசம்பர் 30 அதிகாலை கரை கடந்த 'தானே' புயல், கடலிலிருந்து தள்ளியிருந்த முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பர் வெள்ளத்தில் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. பதினோரு ஆண்டுகளுக்குள் கடல், காற்று, மழை மூன்றும் இந்த மாவட்டத்தைப் பதம் பார்த்துவிட்டன.

அந்தக் குடும்பம் இருட்டும்வரை அலையில் கால் நனைத்துவிட்டு, மெயின் ரோட்டுக்கு மேற்கே மேட்டில் இருந்த உறவினர் கொல்லைக்குப் போய்த் தங்கியது. கிணறு உண்டு, கழிப்பறை உண்டு. காலையில் திரும்பக் கடலுக்கு வர அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

எந்த மண்ணில் வண்டியை நிறுத்தலாம்?

கடல் மணல்: பகலுக்கு மட்டும். சக்கரம் புதைந்தால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். அதைவிட முக்கியம், மீனவ ஊர்களுக்குக் கடற்கரை என்பது வேலை செய்யும் களம். படகை ஏற்றுவதும், வலை காய வைப்பதும், மீன் உலர்த்துவதும் அங்கேதான். நெல் காயும் களத்தில் யாராவது காரை ஏற்றினால் நமக்கு எப்படியிருக்கும்? ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால், எங்கே நிறுத்தலாம் என்று அவர்களே காட்டுவார்கள்.

கழிமுகம்: கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு கடலில் சேரும் இடங்கள் கண்ணுக்கு அழகு. ஆனால் ஓதம் ஏறி இறங்கும் இடம். அமாவாசை, பௌர்ணமியில் தண்ணீர் இன்னும் மேலே வரும். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டியே வருவதால், அந்த நாளில் ஆற்றோரத்தில் நிறுத்தவே கூடாது. மாலையில் காய்ந்திருந்த தரை, விடியும்போது சேறாக இருக்கும்.

சவுக்குத் தோப்பு: நிழல் உண்டு. ஆனால் உதிர்ந்த ஊசிச் சருகு பஞ்சுபோலப் பற்றிக்கொள்ளும். அடுப்பு மூட்டக் கூடாது. உரிமையாளர் அனுமதி வேண்டும்.

செம்மண் மேடு: ராத்தங்கலுக்கு இதுதான் ஏற்றது. மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. சக்கரம் புதையாது.

காற்றையும் பார்க்க வேண்டும். கரையோரத்தில் பகலில் கடல்காற்று, இரவில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று. மாலையில் சரியாக இருக்கும் அடுப்பு, இரவில் புகையை வண்டிக்குள் தள்ளும். தை, மாசியில் பனியும் இறங்கும். மேலே தார்ப்பாய் கட்டாமல் பிள்ளைகளை வெளியில் படுக்க வைக்காதீர்கள்.

இரண்டாம் நாள்: பிச்சாவரம்

காலையிலேயே கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் படகில் உட்கார முடியாது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இங்கே இருக்கிறது. சுரபுன்னை மரங்களின் தாங்குவேர்களுக்கு நடுவே படகு நுழையும்போது பிள்ளைகள் தானாகவே அமைதியாகிவிடுவார்கள்.

விவசாயிகள் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தக் காட்டின் ஒரு பகுதி ஒரு காலத்தில் அழிந்து கிடந்தது. தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, செடி முளைக்காத பொட்டலாகிவிட்டது. வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்து, கண்டல் செடிகளை நட்டன. காடு திரும்ப வந்தது. வடிகால் இல்லாத நிலம் உவராகும், வடிகால் கொடுத்தால் திருந்தும் என்று வயலில் பார்க்கும் அதே பாடம்தான். சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்குப் பாதிப்பு குறைந்தது.

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்கு வருவதும் கிள்ளைக்குத்தான். முஸ்லிம் மக்கள் சுவாமியை வரவேற்று மரியாதை செய்யும் காட்சியைப் பார்க்கவே கூட்டம் கூடும். விழாவுக்குப் போகிறவர்கள் முந்தின நாளே மேட்டில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது.

வாசகர் கேள்வி

"எங்கள் முந்திரிக் கொல்லையில் சுற்றுலா வண்டிகளை நிறுத்தி, இரவு தங்க இடம் கேட்கிறார்கள். விடலாமா?"

விடலாம், ஆனால் மரம் கெடாமல். முந்திரியின் உணவு உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணில் பரவியிருக்கும். அதன் மேல் திரும்பத் திரும்ப வண்டி ஏறினால் மண் இறுகி, காய்ப்பு குறையும். கொல்லை ஓரத்தில் மரமில்லாத இடத்தை ஒதுக்கி, போக வர ஒரே தடம் வையுங்கள். 'தானே'வுக்குப் பிறகு நட்ட ஒட்டுக்கன்றுகள் இப்போதுதான் நிழல் தரும் மரமாகி நிற்கின்றன. இரண்டு வண்டிக்கு இடம் வேண்டும் என்று ஒரு மரத்தைக்கூட வெட்டிவிடாதீர்கள்.

பூக்கும் பருவத்தில் தேயிலைக் கொசுவுக்கு மருந்து தெளிக்கும் நாட்களில் யாரையும் தங்க விடக் கூடாது. சருகு கிடக்கும் இடத்தில் நெருப்பு கூடாது. கேரவன் கழிப்பறைத் தொட்டியைக் கொல்லையில் திறந்துவிட அனுமதிக்கவே கூடாது. மணற்பாங்கான நம் செம்மண் எதையும் உடனே கீழே இறக்கிவிடும். வந்தவர்கள் மறுநாள் போய்விடுவார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போவது உங்கள் பிள்ளைகள்தான்.