ரத்தம் நின்னுடுச்சு... அப்புறம்?

ஃப்ரெண்டுக்கு பைக் ஆக்ஸிடென்ட்னு நடுராத்திரி போன் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? ஹாஸ்டல்ல இருந்து பத்து பேர் ஓடினோம். வயித்துல பலமான அடி. குடல் கிழிஞ்சு, ஏகப்பட்ட ரத்தம் போயிருந்தது. ஆளாளுக்கு ரத்தம் கொடுத்தோம். விடியுற நேரத்துல, ‘ரத்தக் கசிவு நின்னுடுச்சு’ன்னு டாக்டர் சொன்னதும் நேரா டீக்கடை. பிழைச்சுட்டான்! எங்க கணக்கு அதோட முடிஞ்சது.

நாலாம் நாள் காய்ச்சல். மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சது. எக்ஸ்ரேயில ரெண்டு நுரையீரலும் வெள்ளைவெளேர்னு இருந்தது. அடிபட்டது வயித்துல, நெஞ்சுக்கு என்னாச்சு?

ஐ.சி.யூ. டாக்டரம்மா பொறுமையா விளக்கினாங்க. ரத்தம் நிறைய போனா உடம்பு ‘ஷாக்’குக்குப் போகும். வெள்ளை அணுக்கள் உசுப்பேறி நிக்கும். ரத்தத்தைச் சீக்கிரமா ஈடுகட்டிட்டா, பெரும்பாலும் நுரையீரல் சமாளிச்சிடும். அந்த நேரம் பார்த்து எங்கேயாவது கிருமித்தொற்று வந்தா போச்சு! எதிரியை அடிக்கக் கிளம்புற அணுக்கள் நுரையீரலோட மெல்லிய சவ்வையும் சேர்த்துப் பதம் பார்த்துடும். நீர் கசிஞ்சு காற்றுப்பைகள் நிரம்பிடும். அப்புறம் ஆக்ஸிஜன் கொடுத்தாலும் ரத்தத்துல சரியா ஏறாது. பேரு ஏ.ஆர்.டி.எஸ்.

வியட்நாம் போர்ல ரத்தம் இழந்த வீரர்கள்கிட்டயும் இதைப் பார்த்திருக்காங்க. ‘டா நாங் நுரையீரல்’னு பேரே வெச்சாங்க. 1967-ல் அமெரிக்காவின் டென்வர் டாக்டர்கள் 12 நோயாளிகளைப் பத்தி ‘லான்செட்’ இதழ்ல எழுதினாங்க. ‘ஷாக் லங்’னும் சொல்லி, பழியை ரத்த இழப்பு மேலேயே போட்ட காலம் அது. தொற்று மேல சந்தேகம் பலமானது பிற்பாடுதான். இன்னிக்கு ஏ.ஆர்.டி.எஸ்.ஸுக்கு முக்கியக் காரணம் நிமோனியாவும் செப்ஸிஸும்தான்.

எங்க ஆளுக்கு வயித்துக்குள்ள சீழ் கட்டியிருந்தது. குழாய் போட்டு வெளியேத்தி, ஆன்டிபயாடிக் ஏத்தினாங்க. வென்டிலேட்டர்ல காத்தைக்கூட அளந்து அளந்துதான் விட்டாங்க. அதிகமா அடிச்சா நுரையீரல் இன்னும் கெடுமாம்.

நாங்க? கையைக்கூட கழுவாம கும்பலா உள்ளே போக நின்னு, நர்ஸ் அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டோம். அன்னிக்குக் கோபம் வந்தது. இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு.

பன்னிரண்டாம் நாள் வென்டிலேட்டரை எடுத்தாங்க. திரும்ப காலேஜ் வந்துட்டான். மாடி ஏறினா மட்டும் இன்னும் மூச்சு வாங்குது. ரெண்டாவது மாடியில நின்னு, சும்மா கதை பேசுற மாதிரி பேசிட்டு, அப்புறம் ஏறுறோம்.