கேட்காத செடி

கண்ணு, புது ஃப்ளாட்டுக்குச் செடி வாங்கப் போகிறேன் என்றாயே, நர்சரியில் 'இதுக்கு வெளிச்சமே வேண்டாங்க' என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். செடியை வாங்கிக்கொள், பேச்சை நம்பாதே. வெளிச்சம் வேண்டாத பச்சை இலை எங்கும் கிடையாது. மணி பிளான்ட், ஸ்னேக் பிளான்ட், அக்லோனிமா எல்லாம் மங்கலைப் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதில் நம் கண்ணே நம்மை ஏமாற்றும். வெளியே உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், ஜன்னலிலிருந்து பத்தடி உள்ளே சில நூறு தேறினால் அதிகம். கண் தன்னைச் சரிசெய்துகொண்டு பேப்பர் படித்துவிடும். இலைக்கு அந்த வசதி இல்லை. நடுப்பகலில் செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, ஓரடி மேலே கையை நீட்டிப் பார். மங்கலாகவாவது நிழல் விழ வேண்டும். விழவே இல்லையென்றால் அங்கே எதையும் வைக்காதே.

ஸீஸீ பிளான்ட்டுக்கு மண்ணுக்கடியில் கிழங்கு உண்டு. இருட்டு மூலையிலும் மாதக்கணக்கில் பளபளவென்று நிற்கும், வட்டி வராமல் முதலைத் தின்று கௌரவமாக வாழ்கிற குடும்பம் மாதிரி. வீடுகளிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். எதையும் கேட்கமாட்டாள், அவளுக்கு ஒன்றும் வேண்டாம் என்று மற்றவர்களே தீர்மானித்துவிடுவார்கள். நீ குடித்தனம் பண்ணப்போகிறவள், அதனால் சொல்கிறேன்.

செடி சோர்ந்தால் கை உடனே சொம்பைத் தேடும். வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். மிச்சம் தேங்கி வேர் அழுகும். வீட்டுச் செடிகளில் பாசத்தால் செத்தவைதான் அதிகம் என்பேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்று. ஸ்னேக் பிளான்ட்டும் ஸீஸீயும் முழுக்கக் காயட்டும்.

தண்டு நீண்டு, இலைக்கு இலை இடைவெளி கூடினால், அது வளர்த்தி இல்லை, வெளிச்சத்தைத் தேடுகிறது. மணி பிளான்ட்டின் மஞ்சள் வரி மறைந்து முழுப்பச்சையானாலும் அதே சேதிதான். அதற்காக ஒரே நாளில் பால்கனி வெயிலில் தூக்கி வைக்காதே, இலை கருகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் நகர்த்து. கிழக்கு ஜன்னல் இளவெயில் நல்லது. ஈரத்துணியால் இலைத்தூசியைத் துடை. ஜன்னலே இல்லாவிட்டால், ஓரடி உயரத்தில் வெள்ளை எல்.இ.டி. பல்பு, தினமும் பன்னிரண்டு மணி நேரம்.

பாத்ரூமில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஜன்னல் இருந்தால் வை. இல்லாவிட்டால் அங்கே பிளாஸ்டிக் செடி போதும்.