ராத்திரியில் தெரியுமா?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சேர்மன் கேட்டபோது, "ப்ராஜெக்ட் பத்தி எழுதட்டுமா?" என்றேன். "போர் அடிக்காம எழுதுடா" என்றார். ரிப்போர்ட் மாதிரி எழுதினால் நீங்கள் நேரே துணுக்குப் பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் வீட்டுக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஊர் எண்ணூர்ப் பக்கம். அப்பா கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடிப்பவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது நான் சின்னப் பையன். பெரியவர்கள் பக்கெட்டில் அள்ளியதை வேடிக்கை பார்த்தேன். 2023 டிசம்பரில் அப்படி இருக்க முடியவில்லை. அப்போது நான் டிப்ளமோ முதல் வருஷம். மிக்ஜாம் புயல் மழையில் வெள்ளத்தோடு எண்ணெயும் ஆற்றில் இறங்கியது. எங்களுக்குத் தெரிந்ததே விடிந்த பிறகுதான். அதற்குள் அப்பா கட்டியிருந்த வலையெல்லாம் தார் பூசினது போல ஆகிவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டும் போகவில்லை. அந்த செமஸ்டர் ஃபீஸ் அம்மாவின் கம்மலில் இருந்து வந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

"ராத்திரியே தெரிஞ்சிருந்தா வலையையாவது தூக்கியிருப்பேன்டா" என்று அப்பா ஒருநாள் சொன்னார். மூன்றாம் வருஷம் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தண்ணீர் மேல் எண்ணெய் வந்தால் காட்டிக் கொடுக்கும் சென்சார். நாலு பேர் பேட்ச்.

1800-ல் வில்லியம் ஹெர்ஷல் வெயிலை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெளிச்சமே இல்லாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். பாதரசம் ஏறியது. அதுதான் அகச்சிவப்புக் கதிர். எல்லாப் பொருளும் தன் சூட்டுக்குத் தக்கபடி இதை விட்டுக்கொண்டே இருக்கிறது, நீங்களும் நானும்கூட. விமானத்திலிருந்து எண்ணெய் தேடும் வெப்பக் கேமரா 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் இதைத்தான் பார்க்கிறது. அது எண்ணெயை எண்ணெய் என்று அடையாளம் காண்பதில்லை. பக்கத்துத் தண்ணீருக்கும் இதற்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைத்தான் காண்கிறது. பகலில் தடித்த எண்ணெய் வெயிலைக் குடித்துச் சூடாகி வெளுப்பாகத் தெரியும். ராத்திரி அதே எண்ணெய் தண்ணீருக்கு முன்னால் ஆறிப்போய்க் கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் மெல்லிய படலம் பகலிலேயே தண்ணீரைவிடக் குளிர்ந்ததுபோல் காட்டும், ஏனென்றால் எண்ணெயின் உமிழ்திறன் தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு. இந்த வெளுப்பு கறுப்பாக மாறும் இடம் சுமார் 50-லிருந்து 150 மைக்ரான் தடிமனுக்குள். இன்னும் மெலிந்தால் ஒன்றுமே தெரியாது. மழைக்காலத்தில் ரோட்டுக் குட்டையில் வானவில் மாதிரி மினுங்குமே, அது நம் கண்ணுக்குத் தெரியும், வெப்பக் கேமராவுக்குத் தெரியாது. இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

வெப்பக் கேமரா வாங்க எங்களிடம் ஏது பணம்? எலெக்ட்ரிகல் டிபார்ட்மெண்டில் ஸ்விட்ச்போர்டு லூஸ் கனெக்‌ஷன் பார்க்க வைத்திருந்ததைக் கெஞ்சி ஒருநாள் வாங்கினோம். நாங்களே செய்தது வேறு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய அகச்சிவப்பு எல்.இ.டி., ஒரு போட்டோ டையோடு, ஒரு ஆர்டினோ போர்டு. கணக்கு சுலபம். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, எண்ணெய்க்கு 1.48 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் மேலிருந்து கதிரை அடித்தால் தண்ணீர் திருப்பி அனுப்புவது நூற்றுக்கு 2 பங்கு, எண்ணெய் அனுப்புவது 3.7 பங்கு. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஜெயித்துவிட்டோம் என்று டீக்கடையில் ஆளுக்கொரு பஜ்ஜி சாப்பிட்டோம்.

லேபில் டப்பில் தண்ணீர் ஊற்றி வைத்தால் ரீடிங் குரங்காட்டம் ஆடியது. ஜன்னல் வெயிலில் இருக்கும் அகச்சிவப்பு எங்கள் எல்.இ.டி.யை அப்படியே முழுங்கிவிட்டது. எங்கள் லெக்சரர்தான் வழி சொன்னார்: எல்.இ.டி.யை அணைத்து ஒரு ரீடிங் எடு, எரியவிட்டு ஒரு ரீடிங் எடு, இரண்டையும் கழி. வெயில் இரண்டிலும் இருக்கிறது, கழித்தால் போய்விடும். போய்விட்டது. பிறகு ஃபேன் காற்றில் வந்த அலை. கதிர் கோணல்மாணலாகப் போய் ரீடிங் குதித்தது. நூறு ரீடிங் எடுத்து சராசரி பார்த்தோம். பழைய இன்ஜின் ஆயில் ஒரு மூடி ஊற்றியதும் பஸ்ஸர் அலறியது பாருங்கள், பக்கத்து லேபிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

எக்ஸிபிஷன் அன்று அப்பா வந்தார். கல்லூரிக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. லேப் வாசலில் செருப்பைக் கழற்றினார், நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. கேமராவில் எண்ணெய்த் திட்டைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"ராத்திரியில தெரியுமாடா?"

"தெரியும்பா. கறுப்பாத் தெரியும். சாயங்காலமும் காலையிலும் ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் தெரியாது."

"மழையில?"

இதை எக்ஸ்டர்னல் கேட்பார் என்று பயந்திருந்தேன், அவர் கேட்கவில்லை. அப்பா கேட்டார். மழையில் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகக் குளிர்ந்துவிடும். நடுவில் மழைத்தாரை கதிரையும் விழுங்கிவிடும். மிக்ஜாம் ராத்திரி இந்தக் கேமரா ஆற்றுக்கு மேல் இருந்திருந்தாலும் அப்பாவின் வலையைக் காப்பாற்றியிருக்காது.

"சரியாத் தெரியாதுப்பா" என்றேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. எங்கள் சின்ன டப்பாவைக் காட்டி, "இது?" என்றார். இதற்கு வெயில் வேண்டாம், தன் கதிரைத் தானே அடிக்கும், ஆனால் தண்ணீருக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும், மழைத்துளி விழுந்து தண்ணீர் கலங்கினால் தடுமாறும் என்றேன்.

"அப்ப பாலத்துக்கு அடியில மாட்டு. அங்க மழையும் விழாது, காத்தும் அடிக்காது. வாய்க்கால் தண்ணி அது வழியாத்தான் ஆத்துக்கு வரும்."

மூன்று மாதம் நாலு பேர் யோசித்தும் எங்கே மாட்டுவது என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பாலத்தடியில் வைத்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போகப் போகிறோம், அப்பாவின் படகில்.

கிளம்பும்போது அப்பா டப்பில் ஒரு விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மோந்து பார்த்தார். "டீசல் இல்ல. இன்ஜின் ஆயிலு. பழசு." எங்கள் கருவிக்கு என்ன எண்ணெய் என்று சொல்லத் தெரியாது. ரிப்போர்ட்டில் 'குறைபாடுகள்' பக்கத்தில் அன்று சாயங்காலமே ஒரு வரி சேர்த்தோம்.