என் பாத்திரம் அப்படித்தான்

சனிக்கிழமை மாலைச் செபமாலை முடிந்து ஆலயக் கதவுகள் சாத்தப்பட்ட பின்னரும், நமது பங்கு வளாகத்தில் ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஞாயிறுதோறும் மறைக்கல்வி நடைபெறும் அறை அது. அங்கே நீண்ட மேசையைச் சுற்றி ஆறு இளைஞர்கள் அமர்ந்திருப்பர். மேசையின்மேல் தாள்களும் பென்சில்களும் பல முகங்கள் கொண்ட வண்ணப் பகடைகளும் கிடக்கும். ஒரு பகடை உருளும். ஆறு தலைகள் அதன்மேல் கவியும். பின்னர் ஆரவாரமோ பெருமூச்சோ எழும்.

ஒருநாள் மூதாட்டி ஒருவர் அம்மேசையில் கிடந்த நூலின் அட்டையைக் கண்டு மிரண்டுபோனார். திருவெளிப்பாட்டில் வரும் அரக்கப் பாம்பைப் போன்றதொரு உருவம் அதில் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. "கோயில் வளாகத்திலேயே பேயை வைத்து விளையாடுகிறார்கள், சாமி" என்று நம்மிடம் முறையிட்டார். அவரது அச்சம் புதியதன்று. 1980களில் அமெரிக்க நாட்டிலும் பல கிறித்தவக் குழுக்கள் இதே விளையாட்டைச் சாத்தானின் கண்ணி என்று கண்டித்தன. கேட்டதை வைத்துத் தீர்ப்பிடலாகாது என்றெண்ணி, அடுத்த சனிக்கிழமை நாமும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களருகே அமர்ந்தோம்.

விளையாட்டின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவில் வெளியிட்டது. இதில் சதுரங்கத்தைப் போல எதிரெதிர் அணிகள் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். காடு, கோட்டை, பகைவர், வழிப்போக்கர் அனைத்தும் அவர் வாய்ச்சொல்லால் உருவாகும். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, "நான் கதவைத் தட்டுகிறேன்", "நான் காவலனிடம் பேசுகிறேன்" என்று தம் செயலைச் சொல்வர். செயல் பலிக்குமா என்பது ஐயமாயின் இருபது முகப் பகடை அதை முடிவுசெய்யும். வெல்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு கதையை வாரக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நடத்திச் செல்வதே ஆட்டம். பேயை அங்கு நாம் காணவில்லை. ஆனால் வேறொன்றைக் கண்டோம்.

அறுவரில் ஒரு தம்பி ஏற்றிருந்தது களவில் தேர்ந்த ஒரு பாத்திரம். கூச்ச சுபாவமுள்ள ஒரு பெண் கோட்டைக் காவலனிடம் நயமாகப் பேசி வழிகேட்கத் தொடங்கியிருந்தாள். அவள் இரண்டு வாக்கியம் பேசுமுன், "நான் பின்னால் போய் அவனைக் குத்திவிடுகிறேன்" என்று பகடையை உருட்டினான் இவன். காவலன் செத்தான், அவள் பேச்சும் செத்தது. சற்று நேரத்தில், உறங்கிக்கொண்டிருந்த தன் தோழர்களின் பைகளிலிருந்தே பொற்காசுகளைத் திருடினான். பிறர் முறை வரும்போதெல்லாம் அவர்கள் என்ன செய்யவேண்டும் என்று இவனே கட்டளையிட்டான். ஏன் இப்படி என்று கேட்டபோது சிரித்துக்கொண்டே விடையிறுத்தான்: "நான் என்ன செய்வது, ஃபாதர்? என் பாத்திரம் அப்படித்தான்!"

ஹாலந்து நாட்டு வரலாற்றறிஞர் யோஹான் ஹாய்சிங்கா 1938இல் எழுதிய 'ஹோமோ லூடென்ஸ்' என்னும் நூலில், ஏமாற்றி ஆடுபவனையும் ஆட்டத்தையே கலைப்பவனையும் பிரித்துக் காட்டுகிறார். ஏமாற்றுபவன் விதிகளை மதிப்பதாகவாவது நடிக்கிறான். கலைப்பவனோ பிறர் வாழும் அந்தச் சிற்றுலகையே உடைத்துவிடுகிறான். நமது தம்பி இந்த இரண்டு வகையிலும் அடங்கவில்லை. அவன் பகடையில் பொய் சொன்னதே இல்லை. விதிநூலை மற்ற ஐவரையும்விட நன்கறிந்தவன். ஒரு விதியையும் மீறாமலே மேசையின் மகிழ்ச்சியை அழித்துக்கொண்டிருந்தான். ஊதாரி மகன் உவமையில் வரும் மூத்தவன் நம் நினைவுக்கு வந்தான். தந்தையின் கட்டளை எதையும் மீறாதவன் அவன். ஆயினும் விருந்துக்குள் நுழைய அவனால் இயலவில்லை. விதியை மீறாமல் அன்பை மீற முடியும் என்பதற்கு அவனே சான்று.

மற்ற ஐவரும் சும்மா இருக்கவில்லை. கதை நடத்துநராகிய இளைஞர், கதைக்குள்ளேயே அவனுக்குப் பாடம் புகட்ட எண்ணி, ஒரு குகையில் பாறையை உருட்டி அவனது பாத்திரத்தைக் கொன்றார். அடுத்த வாரம் அவன் புதிய பெயரில், அதே குணத்துடன், வேறொரு பாத்திரத்தை எழுதிக்கொண்டு வந்தான். பின்னர் அவனை விட்டுவிட்டு ஐவரும் கைப்பேசியில் தனியாக ஒரு குழு அமைத்து, அவனது குறைகளை அங்கே பேசிக்கொண்டனர். இறுதியில் நம்மிடம் வந்து, "ஃபாதர், இனி வரவேண்டாம் என்று அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் தட்டமாட்டான்" என்றனர்.

சொல்லிவிடுவது நமக்கு எளிது. அறையைப் பூட்டி ஆட்டத்தையே நிறுத்திவிடுவது அதனினும் எளிது. ஆனால் அச்சொற்களைக் கேட்டதும் ஒரு பழைய நினைவு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நாம் குருவாகி இரண்டாம் ஆண்டு. உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய ஊரில் பாடகர் குழுவின் பொறுப்பு நம்மிடம் இருந்தது. அக்குழுவில் நல்ல குரல்வளமுடைய ஒருவர், பிறரைப் பாடவிடாமல் எல்லாப் பாடலையும் தாமே எடுத்துக்கொள்வார். குழுவினர் முறையிட்டனர். நாம் அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. புதிய உறுப்பினர் பட்டியலைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அவர் பெயர் அதில் இல்லை. ஞாயிறு திருப்பலிக்கு வந்தவர் பலகையின்முன் நின்று படித்துவிட்டு, ஆலயத்துக்குள் நுழையாமலே திரும்பிப் போனார். நாம் அவ்வூரில் இருந்த காலம் முழுவதும் அவர் மீண்டும் வரவில்லை. ஒழுங்கை நிலைநாட்டியதாக அன்று நாம் எண்ணிக்கொண்டோம்.

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் வகுத்துத் தந்த வரிசையை நாம் எத்தனை முறை மறையுரையில் விளக்கியிருப்போம்! குற்றம் செய்த சகோதரரிடம் முதலில் தனியாகப் பேசவேண்டும். கேளாவிடில் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்லவேண்டும். அதற்கும் இணங்காவிடில் சபையிடம் கூறவேண்டும். விலக்குவது இறுதிப் படி. இந்த இளைஞர்கள் படிகளைத் தலைகீழாக ஏறியிருந்தனர். அவனைப் பற்றி எல்லாரிடமும் பேசினர். அவனிடம் மட்டும் பேசவில்லை. பாறையை உருட்டியதும் பேச்சன்று. மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் மனிதனின் குறையை, மேசையின்மேல் இருக்கும் பாத்திரத்தைத் தண்டித்துத் திருத்த முடியாது.

ஆகவே நாம் சொன்னோம்: "நான் சொல்லமாட்டேன். உங்களில் ஒருவர் அவனைத் தனியாகச் சந்தியுங்கள். 'நீ இப்படிப்பட்டவன்' என்று தொடங்காதீர்கள். 'சென்ற வாரம் நீ இன்னது செய்தாய். அதன்பின் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை' என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்."

கதை நடத்துநர் சென்று பேசினார். அவன் சிரித்து மழுப்பினான். பிறகு இருவர் சென்றனர். அப்போதுதான் அந்தக் கூச்சமுள்ள பெண், ஆட்டத்தை விட்டுவிட எண்ணியிருந்ததை முதன்முறையாக அவன் காதுபடச் சொன்னாள். மூன்றாவதாக அறுவரும் அமர்ந்து, ஆட்டம் தொடங்குமுன்னரே செய்திருக்கவேண்டிய ஒன்றைச் செய்தனர். இவ்விளையாட்டை ஆடுவோர் அதனை 'செஷன் ஜீரோ' என்பர். எவ்வகைக் கதை வேண்டும், எது எல்லை, தோழர்க்குள் களவும் கொலையும் ஆகுமா என்பவற்றை முன்கூட்டியே பேசி உடன்படும் அமர்வு அது. தோழரைத் தாக்குவதில்லை, பிறர் முறையில் குறுக்கிடுவதில்லை என்று எல்லாரும் ஒப்பினர். அவனும் ஒப்பினான். இரண்டு வாரம் காத்தான். மூன்றாம் வாரம் மீறினான். வேளாங்கண்ணித் திருவிழா முடிந்த அந்த வாரத்தில், சிறிது காலம் விலகியிருக்குமாறு அவனை அவர்களே கேட்டுக்கொண்டனர்.

அவன் கோபத்தோடு நம் அறைக்கு வந்தான். "கற்பனைக் கதையில் ஒருவன் திருடினால் அது பாவமா, ஃபாதர்? என் பாத்திரம்தானே செய்தது?"

"உன் பாத்திரத்தை எழுதியது யார், தம்பி?" என்று கேட்டோம்.

அவன் பேசவில்லை. நாமும் மேலே பேசவில்லை. ஏனெனில் அக்கேள்வி நம்மையும் சுட்டது. வீடு சந்திப்புக்குச் செல்லும்போது எத்தனை இல்லங்களில் இதே விடையைக் கேட்கிறோம்! "என் கோபம் அப்படி, சாமி; மனதில் ஒன்றுமில்லை" என்பார் கணவர். "என் வாய் அப்படி" என்பார் மாமியார். பங்குப் பேரவையிலும் அன்பியக் கூட்டத்திலும் ஒருவரே பேசுவார். கேட்டால், "எனக்கு மனதில் பட்டதைச் சொல்லித்தான் பழக்கம்" என்பார். பங்குத்தந்தையும் விலக்கல்லர். நமது குணத்தை யாரோ எழுதி நம் கையில் தந்துவிட்டதைப் போலவும், அதை வாசிப்பது மட்டுமே நம் கடமை என்பது போலவும் நடந்துகொள்கிறோம். மனிதருக்குக் கட்டற்ற சித்தம் உண்டு என்று திருச்சபை போதிப்பதன் பொருள், பென்சில் இன்னும் நம் கையில் இருக்கிறது என்பதே.

பெனடிக்ட் எனப்படும் புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் ஓர் ஏற்பாடு உண்டு. சிறு குற்றம் செய்து திருந்தாத சகோதரர் பொது உணவு மேசையிலிருந்து விலக்கப்படுவார். மற்றவர்கள் உண்ட பின் தனியே உண்பார். ஆனால் புனிதர் அத்தோடு நிறுத்தவில்லை. விலக்கப்பட்டவர் துயரத்தில் மூழ்கிவிடாதபடி, அறிவு முதிர்ந்த சகோதரர்களை மறைவாக அனுப்பி ஆறுதல் கூறச் செய்யவேண்டும் என்று மடாதிபதிக்குப் பணிக்கிறார். மேசையிலிருந்து விலக்கலாம், உறவிலிருந்து விலக்கலாகாது. ஊதாரி மகன் உவமையிலும் தந்தை விருந்தை நிறுத்தவில்லை. மூத்த மகனைத் தேடி வெளியே வந்தார்.

இதை நாம் இளைஞர்களிடம் எடுத்துரைத்தோம். அவர்களில் ஒருவர் அதைச் சொல்லளவில் விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டத்திற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டு, கடைத்தெருவிலுள்ள தேநீர்க் கடையில் அவனோடு அமர்ந்து பேசிவிட்டு வருவார். விளையாட்டைப் பற்றிப் பேசுவதில்லையாம். கிரிக்கெட்டைப் பற்றியும் வேலை தேடுவதைப் பற்றியும் பேசுவார்களாம்.

பொங்கல் கழிந்து அவன் திரும்பி வந்தான். அதே களவுப் பாத்திரம்தான். அன்றும் நாம் அருகே அமர்ந்திருந்தோம். அந்தப் பெண் ஓர் ஆற்றங்கரையில் படகோட்டியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவன் கை பகடையை நோக்கிப் போயிற்று, எடுத்தும்விட்டான். பின்பு அதை உள்ளங்கையில் மூடிவைத்துக்கொண்டு, அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தான். முழுவதும் மாறிவிட்டான் என்று எழுத மாட்டோம். அடுத்த வாரமே ஒரு சிறு பூசல் எழுந்தது. ஆனால் இம்முறை அவர்கள் அவனிடமே பேசினர்.

விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டென்று அக்குவினா நகர்ப் புனித தோமையார் கற்பிக்கிறார். பிறரின் மகிழ்ச்சிக்குத் தடையாகிச் சுமையாய் இருப்பதையும் அவர் குற்றமாகவே எண்ணுகிறார். குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதினோம். அதன் பொருளை விளங்கிக்கொள்ள, மறைக்கல்வி அறையில் ஆறு இளைஞர்கள் உருட்டிய பகடை தேவைப்பட்டது.

சென்ற மாதம் நாம் அந்தப் பழைய ஊருக்குச் சென்று, பாடகர் குழுவிலிருந்து நீக்கிய அந்த மனிதரின் வீட்டைக் கேட்டறிந்து கதவைத் தட்டினோம். நரைத்த தலையுடன் திறந்தவர் நம்மை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரமாயிற்று. திண்ணையில் நின்றபடியே, அன்று உங்களிடம் பேசாமல் பெயரை நீக்கியது தவறு என்றோம். அவர் விடையேதும் கூறவில்லை. நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் உள்ளே திரும்பி, ஒரு காப்பி போடச் சொன்னார்.