தீப்பெட்டி ஊரில் தீ கேளாதார்

“நெருப்பு இருக்கிறதா, அண்ணாச்சி?”

கோவில்பட்டியில் நின்றுகொண்டு இப்படிக் கேட்பது, தூத்துக்குடி உப்பளத்தில் நின்றுகொண்டு உப்புக் கேட்பதற்கு ஒப்பு! ஊரைச் சுற்றிலும் தீப்பெட்டி ஆபீசுகள். தொழிற்சாலை என்று ஏட்டில் எழுதலாம். எங்கள் ஊர் வாய் அதனை ஆபீசு என்றுதான் சொல்லும். வானம் பார்த்த கரிசல் மண், மழை பொய்த்த ஆண்டுகளில் பருத்தியையும் கம்பையும் கைவிட்டபோது, குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் இம்மக்கள் கஞ்சி குடித்தனர். குழந்தைகளின் விரல்களும் அந்தப் பணியிலே தேய்ந்த காலம் உண்டு, அதனை மறைப்பானேன்! ஊரார் அடுப்பெரிய நெருப்பைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் இந்த ஊரிலே பிறந்து, இந்த நெருப்பிலேயே உழன்று, இன்று எவரிடமும் நெருப்புக் கேளாமல் நாட்களை நகர்த்திக்கொண்டிருக்கிறோம் நாங்கள் அறுவர். நகைப்புக்குரிய செய்திதான். நகைத்துவிட்டு மேலே படியுங்கள், தோழர்களே!

அறுவர் யார் யார்? தீப்பெட்டி ஆபீசிலே கணக்கெழுதும் பெரியவர் ஒருவர். அவர்தான் எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. பேருந்து நடத்துநர் ஒருவர், கொத்தனார் ஒருவர், தையற்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர். ஆறாமவர் யாரென்பது அத்தனை முக்கியமன்று. பேனா அவர் கையில் இருக்கிறது, அவ்வளவே.

மாலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தையொட்டிய தேநீர்க் கடைப் பெஞ்சிலே கூடுவோம். பதினைந்து ஆண்டுகளாக அப்படித்தான். பக்கத்துப் பெட்டிக்கடைத் தூணிலே கயிறொன்று தொங்கும். அதன் நுனியில் பகலெல்லாம் தீ கனன்றுகொண்டிருக்கும். பீடியை உதட்டில் வைத்து அந்தக் கயிற்றின்முன் குனிவோம். எங்களுக்கு முன் குனிந்தவன் யாரோ, பின் குனியப்போகிறவன் யாரோ! கயிறு ஒன்றே. ஓர் இழுப்பிலே உறவு பிறக்கும். இரண்டாம் இழுப்பிலே அரசியல் பிறக்கும். கட்டு தீர்வதற்குள் ஆட்சியையே மாற்றியமைத்துவிடுவோம். பொது இடங்களில் புகை பிடிக்கலாகாது என்ற சட்டம் 2008 அக்டோபர் 2ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதனை அறிவிக்கும் பலகையைச் சுவரில் அடித்தனர். அந்தப் பலகையின் நிழலிலேயே நின்று புகைத்தவர் எங்கள் நடத்துநர்!

ஆக, நாங்கள் அஞ்சியது இருமலுக்கன்று. புற்றுநோய்ப் படத்தை அட்டையிலே அச்சடித்தார்கள்; அதற்கும் அஞ்சினோமில்லை. பீடியை விட்டால் பெஞ்சையும் விடவேண்டி வருமோ என்றே அஞ்சினோம். வாயிலே ஒன்றுமின்றி, கையிலே ஒன்றுமின்றி, நண்பர் நடுவே எப்படி உட்கார்ந்திருப்பது? இதைக் கேட்டு எவரும் எள்ளி நகையாட வேண்டா. புகைப்பவனிடம் நுரையீரலைப் பற்றிப் பேசுவோர் பலர். அவனது மாலைப்பொழுதைப் பற்றிப் பேசுவோர் இலர்.

2022ஆம் ஆண்டு கொத்தனாருக்கு இருமல் நிற்கவில்லை. சளியிலே செந்நிறம் கண்டது. அரசு மருத்துவமனையில் காசநோய் என்றனர். ஆறு மாதம் மாத்திரை, கட்டணம் ஏதுமில்லை. ஆனால் ஒரு பீடியும் கூடாது! ஆசிரியர் அன்றிரவே ஏடுகளைப் புரட்டினார். தமிழ்நாட்டில் இறந்துபோன 43,000 ஆடவரின் பழக்கவழக்கங்களை ஆராய்ந்து, மருத்துவர் கஜலட்சுமியும் உடன் உழைத்த அறிஞர்களும் 2003இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏட்டிலே வெளியிட்ட முடிவு அவர் கண்ணிற்பட்டது. புகைப்பவர் காசநோயால் மடிவது, புகைக்காதவரைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு! வேற்று நாட்டான் கணக்கன்று, நம் விழுப்புரத்துச் சிற்றூர்களிலும் சென்னைத் தெருக்களிலும் எடுத்த கணக்கு. ‘விதி முடிந்தது’ என்று ஒப்பாரி வைத்துப் புதைத்தோமே, அவர்களிலே எத்தனை பேரைப் புதைத்தது விதி, எத்தனை பேரைப் புதைத்தது பீடி?

மாத்திரை பற்றிச் சில வாரங்கள் கழிந்ததும் கொத்தனார் மீண்டும் பெஞ்சுக்கு வந்தார். நாங்கள் நாகரிகம் தெரிந்தவர்களல்லவா! அவர் முகத்தில் புகை விடலாகாதென்று, ஐவரும் எழுந்து கடையின் பின்புறம் போய்ப் புகைத்துவிட்டு வந்தோம். திரும்பி வந்து பார்த்தால், ஆறு பேர் அமரும் பெஞ்சிலே அவர் ஒருவர், ஆறிப்போன தேநீரோடு. மூன்று நாள் இப்படி நடந்தது. நான்காம் நாள் அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. “கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க” என்றார். கால்வலி என்பது பொய். அந்தப் பொய்யிலிருந்துதான் எங்கள் கதை தொடங்குகிறது.

ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நடத்துநர், “கார்த்திகை வரட்டும், மாலை போட்டுக்கொண்டு விட்டுவிடுகிறேன்” என்றார். ஏழு முறை மாலை போட்டவர் அவர். ஒவ்வொரு முறையும் ஒரு மண்டலம் புகையைத் தொடமாட்டார். மலையிலிருந்து திரும்பி, மாலையைக் கழற்றிய அன்றே, வீட்டுக்குள் நுழையுமுன் பெட்டிக்கடைக்குள் நுழைவார்! அவரைக் கேட்டோம்: “ஐயப்பன் உன் பக்கத்தில் நின்று பீடியைப் பிடுங்கினாரா? நாற்பது நாள் வேண்டாமென்று சொன்ன நாக்கு யாருடையது?” அவர் சினந்தார், இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, “ஏழு மண்டலம் விட்டிருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகிறது. என்னால் முடியும் என்பது எனக்கே தெரியாமல் போயிற்று” என்றார். கார்த்திகைக்குக் காத்திராமல் ஆவணியிலேயே விட்டார். அவர் இன்றும் மலைக்குப் போகிறார். அது அவர் உரிமை. பீடியை விட்ட பெருமையை மட்டும் மலைக்குக் கொடுப்பதில்லை.

முதல் வாரம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது! தையற்காரர் ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வெட்டினார். ஆசிரியர் வகுப்பிலே எரிந்து விழுந்துவிட்டு, மறுநாள் மாணவரிடம் வருத்தம் தெரிவித்தார். அண்ணாச்சி ஐந்தொகையைத் தப்பாகப் போட்டார், வாழ்க்கையிலேயே முதன்முறையாக. உறக்கமில்லை, கை எதையோ தேடும், நாவிலே எதுவும் ருசிக்காது. உடம்பு நிக்கோட்டினுக்குப் பழகிவிட்டதால் வரும் தவிப்பு இது, சில வாரங்களில் தணிந்துவிடும் என்று அறிவியல் சொல்கிறது. தெரிந்தும் தவித்தோம். கைக்குத் துணையாக வந்தது கடலைமிட்டாய்! 2020இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்ப் பண்டம். நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த எளிய பொருள். ஊரார் உறவினருக்கு வாங்கிப் போவதை நாங்கள் நோய்க்கு மருந்தாகத் தின்றோம். அண்ணாச்சிக்குச் சர்க்கரை நோய். அவர் மட்டும் பொரிகடலையை மென்றபடி எங்களைப் பொறாமையோடு பார்த்தார்.

அவரைத் தேற்ற ஆசிரியர் ரிச்சர்டு டால் கதையைச் சொன்னார். இங்கிலாந்திலே நுரையீரல் புற்றுநோய் பெருகுவதன் காரணம் என்னவென்று ஆராயப் புகுந்தார் அந்த அறிஞர். தார்ச்சாலைதான் காரணமோ என்று ஐயுற்றார். தாமும் புகைப்பவரே. ஆராய்ச்சி நடுவிலேயே உண்மை புலப்பட்டது; தமது சிகரெட்டைத் தூக்கி எறிந்தார்; பிறகு 1950இல் பிராட்போர்டு ஹில் என்பாருடன் சேர்ந்து உலகுக்கு அறிவித்தார். தான் கண்ட உண்மைக்குத் தானே முதலில் பணிவது, அதுவன்றோ அறிவுடைமை! பிரிட்டானிய மருத்துவர்களை ஐம்பதாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து, 2004இல் மற்றொரு கணக்கும் தந்தார். 40 வயதில் விட்டால் ஏறத்தாழ 9 ஆண்டு ஆயுள் மிச்சம். 50இல் விட்டால் 6. 60இல் விட்டாலும் 3. அண்ணாச்சி விரல்விட்டு எண்ணினார். “எனக்கு ஐம்பத்தெட்டு. மூன்றரைக்குக் கொஞ்சம் கூடுதல். வரவு வைத்துக்கொள்கிறேன்” என்றார்.

கணக்கு ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருந்தார். தையற்காரர்.

எட்டயபுரம் செல்லும் வழியில் ஒரு சிற்றூர் அவருடையது. ஊருக்கு வெளியே, சேரியில் வீடு. அவருடைய தந்தை பீடி குடித்துக்கொண்டிருக்கும்போது நிலக்காரர் எதிர்ப்பட்டால், பீடியைக் கீழே போட வேண்டும். போட மனமின்றி உள்ளங்கையில் பொத்திக்கொள்வாராம். கையெல்லாம் சுட்ட வடு. அந்த வடுக்களைப் பார்த்து வளர்ந்த மகன், பதினேழாம் வயதில், ஊர்த் தேநீர்க் கடை முன்னால் நிமிர்ந்து நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அடி விழுந்தது. மறுநாளும் போய்ப் பற்றவைத்தார். “மற்றவர்களுக்கு இது கெட்ட பழக்கம். எனக்கு இது மரியாதை. இதை நான் கீழே போட்டால், என் அப்பா போட்டதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?” என்று கேட்டார்.

பெஞ்சிலே எவரும் வாய் திறக்கவில்லை. மேடையிலே மணிக்கணக்கில் முழங்கக்கூடிய நாங்கள், அந்தக் கேள்விக்கு மறுமொழியின்றித் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விட்டுவிடு என்று அவரை வற்புறுத்தும் தகுதி எங்களில் யாருக்கும் இல்லை. அவர் புகைத்துக்கொண்டே இருந்தார், சாலைக்கு அந்தப் பக்கம் நின்று.

ஒன்றரை மாதம் கழித்து ஊரிலே ஒரு திருமணத்துக்குப் போய் வந்தார். அதே தேநீர்க் கடை. கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தாராம். அந்த நிலக்காரரின் மகன் வந்து பக்கத்தில் அமர்ந்தான். பெட்டியைத் திறந்து ஒரு சிகரெட்டை நீட்டினான். “வேண்டாம் என்றேன். அவன் நீட்டி நான் வேண்டாம் என்றேன்! வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு என் அப்பாவுக்கு ஒருநாளும் இருந்ததில்லை” என்றார். அன்றிலிருந்து அவர் புகைக்கவில்லை. வந்து, தாமே கேட்டு ஒரு கடலைமிட்டாய் வாங்கித் தின்றார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. நாங்கள் விட்டெறிந்த பீடியைச் சுற்றியவர்கள், முக்கூடல், கடையம், ஆலங்குளம் பகுதிப் பெண்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியிலே முறம், மூச்சிலே புகையிலைத் தூள். நாங்கள் விட்டதால் அவர்கள் உலையில் அரிசி குறையுமெனில், அது எங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்று. அவர்களுக்கு வேறு தொழில் வேண்டும், அதைக் கேட்பதும் எங்கள் கடமை. தீப்பெட்டியைப் பற்றி அண்ணாச்சி கவலைப்படவில்லை. பதினான்கு ஆண்டுக்குப் பிறகு 2021 டிசம்பரிலேதான் பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டானது. அதன் பகை மலிவான லைட்டர், எங்கள் ஆறு வாய்களல்ல என்பார். 2023இல் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்த அன்று, எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஆசிரியர் ஒருமுறை தவறினார். அண்ணன் இறந்த வீட்டிலே, சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில், யாரோ கொடுத்த பீடி. ஐந்து மாதம் அதோடு போயிற்று. அதன் பின்னர் மூன்று வாரம் பெஞ்சுப் பக்கமே தலை காட்டவில்லை. மாற்றுத் தெருவழியே பள்ளிக்குப் போனார். எங்கள் நடுவே எழுதாத விதி ஒன்றிருக்கிறது: தவறியவனை எத்தனை பீடி என்று கேட்பதில்லை. கொத்தனாரும் தையற்காரரும் அவர் வீட்டுக்குப் போய், பீடியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், சாரைத் தேடிக் கடைக்காரர் கேட்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்கள்.

மறுநாள் மாலை ஆசிரியர் வந்தார். நடத்துநர் நகர்ந்து இடம் விட்டார். பருத்திக்கு விலையில்லை என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது வெளியூர்க்காரர் ஒருவர் பேருந்திலிருந்து இறங்கி, பீடியை உதட்டில் வைத்தபடி எங்களிடம் வந்து, “நெருப்பு இருக்கிறதா, அண்ணாச்சி?” என்றார். அண்ணாச்சியின் கை, பழக்கத்தால், தானே சட்டைப் பைக்குள் போயிற்று. நான்கு பொரிகடலையோடு வெளியே வந்தது.