பிள்ளைத்தாச்சியின் இடுப்பு வலி

ஏழாம் மாசத்தில் என் மதினிக்குக் கட்டிலில் புரண்டு படுத்தாலே இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்தது. "பிள்ளைத்தாச்சின்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கத்தா" என்றார்கள் எங்கள் கூமாப்பட்டிப் பெரியவர்கள். சுளுக்கு எடுக்கவும் கூப்பிட்டார்கள். மனசு கேட்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

கர்ப்பிணிகளில் 5 பேரில் ஒருவருக்கு இந்த இடுப்பெலும்பு வலி வருமாம். அமெரிக்காவில் 1895இல் பிறந்த கைரோபிராக்டிக் என்னும் கைவைத்தியத்தை வெளிநாடுகளில் சிலர் நாடுகிறார்கள். அது இந்த வலியைத் தீர்க்கும் என்பதற்கு வலுவான சான்று இன்னும் இல்லை. நமக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது பிசியோதெரபி. அதில் சொல்லிக்கொடுத்தது இவைதான்: படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை, கால்களைச் சேர்த்தே புரளுதல், உட்கார்ந்தே உடுத்துதல். மதினி மெல்ல மெல்லத் தூங்கத் தொடங்கினார்.

உதிரப்போக்கோ காய்ச்சலோ சேர்ந்தால் உடனே 108ஐ அழையுங்கள். பிள்ளைத்தாச்சி வலிக்குதுன்னு சொன்னால், முதலில் நம்புங்க.